பதினாலு சிவப்பு, ஒரு பச்சை

சித்தெ பாத்துங்க தம்பி, உங்க பையை இதுமேல வெச்சறாதீங்க. ஆமாங்க, என்ற மடியில இருக்கற இந்தப் பெட்டிமேலதான். மேல கம்பியில வைங்கன்னு கண்டக்டரும் சொன்னாருங்க. வெச்சா, டிரைவரு ஒரு திருப்புத் திருப்புவாரு, எவன் மண்டையிலயாவது வந்து உழுகும். மடியே நல்லது. உக்காருங்க, தாராளமா உக்காருங்க.

உள்ள என்னன்னு கேக்கறீங்களா? கேக்கலீங்களா? பரவால்லீங்க, பாக்கறீங்கல்ல, அது போதும். ரவுட்டருங்க. வைஃபை பெட்டி. செத்துப்போன வைஃபை பெட்டி. கோயமுத்தூருல ஒருத்தரு இருக்காராமா, எப்பேர்ப்பட்டதுக்கும் உசுரு குடுத்தர்றாராமா. அவரைப் பாக்கத்தான் போறேன்.

என்றதில்லீங்க இது. அதை மொதல்ல சொல்லீறோணும். என்ற பெட்டி உடுமலையில ஊட்டுல இருக்குது, எட்டுக் கொம்போட, சும்மா கெரகம் புடிச்ச தேளு மாதிரி. வைஃபை செவன். எங்க லேஅவுட்டுலயே மொத ஆளு நாந்தானுங்க. இது பக்கத்து ஊட்டு தேவசகாயத்தோடது. ரெண்டே கொம்பு. அதுலயும் ஒண்ணு ஒடஞ்சு, அவரு சம்சாரம் எஸ்தரம்மா தையல் நூலு சுத்திக் கட்டியிருக்குது. பதினோரு வருசத்துப் பெட்டி. இதையெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போடோணும்னு நாலு மாசம் முன்னால சொன்னவன் நானு. இன்னைக்குக் கொழந்தையாட்டம் மடியில வெச்சுட்டுப் போறேன்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. மில்லுல இருந்தேன், ஸ்பின்னிங் சூப்பர்வைசரு, முப்பத்திநாலு வருசம். மில்லுன்னா என்ன தெரியுமுங்களா? நூலு. நூலுன்னா என்ன? நம்பரு. நாப்பதாம் நம்பரு, அறுவதாம் நம்பரு, எம்பதாம் நம்பரு. ஒவ்வொரு நம்பருக்கும் ஒவ்வொரு கலருல நூலு சுத்தற பாபின். பச்சைன்னா பச்சை, சிவப்புன்னா சிவப்பு. கலக்கப்படாது. கலந்தா அப்பத் தெரியாதுங்க. தறியில நெஞ்சு, சாயம் போட்டு, துணி கடைக்கே போயிரும். அங்க போயி கோடு கோடா பல்லைக் காட்டும். தொண்ணூத்திரெண்டுல ஒருக்கா ஒரே ஒரு பெட்டி கலந்துபோச்சு. மெமோ குடுத்தாங்க எனக்கு. அந்த மெமோவை இன்னும் பீரோவுல வெச்சிருக்கேன். அதுக்கப்பறம் சாவற முட்டும் எதையும் கலக்கறதில்லைன்னு முடிவு பண்ணுனவன் நானு. சாம்பாரையும் ரசத்தையும்கூட ஒரே கரண்டியில ஊத்த உடமாட்டேன்.

சரி, இந்த வைஃபைக்கு வாரேன். என்ற புள்ள அபிநயா கனடாவுல இருக்கறாளுங்க. அவளுக்கு ஒரு பொண்ணு, மகிழினி. அப்ப பத்து மாசம். சாயங்காலம் ஆறுமணி ஆச்சுன்னா அங்க காலைநேரம், அபி கூப்புடுவா. என்னையில்லீங்க, அவங்கம்மாளை. என்ற ஊட்டுக்காரி வசந்தாமணிகிட்ட ஒரு டேப் இருக்குது, சிலேட்டு மாதிரி, அதுலதான் பேசுவா. எங்கிட்ட அபிக்கு ரெண்டே கேள்வி. "நல்லா இருக்கீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா?" அவ்வளவுதான். அப்பறம் அம்மாளும் மகளும் ஒரு மணிநேரம்.

அந்த வீடியோ அப்பப்ப நின்னு போகுமுங்க. கொழந்தை வாயைத் தொறந்தது தொறந்த மேனிக்கே நிக்கும். வசந்தாமணி சிரிப்பா, எனக்குத் தாங்காது. கொழந்தை எந்திரிச்சு நிக்கப் பழகீட்டு இருந்துச்சு. நாளைக்கு மொத எட்டு எடுத்து வெக்கும், அந்த நேரம் பாத்து இது நின்னு தொலைஞ்சா? என்ற பேத்தியோட மொத நடையை நான் பாக்கோணும், நிக்காம பாக்கோணும். அதுக்காகத்தானுங்க வாங்கினேன் அந்த எட்டுக்கொம்புப் பெட்டியை. இதை நல்லா மனசுல வெச்சுக்கங்க, ஏன்னா எங்கூட்டுல ஒருத்தரும் வெச்சுக்கல.

பெட்டி மாட்ட வந்த ஆளு சொன்னாரு, "சார், பழைய ஐட்டமெல்லாமும் இதுல ஓடும். ஆனா பழைய வேகத்துலதான் ஓடும்"னு. பழைய வேகத்துல ஓடறதுக்கு எதுக்குங்க புதுப்பெட்டி? அப்ப மதில்மேல ஒரு தலை தெரியுது. தேவசகாயம். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம், தந்தி ஆபீசுல இருந்தவரு. கட்டு கடகட்டுன்னு புள்ளியும் கோடுமா தட்டியே ஒரு தலைமுறைக்குக் கல்யாணச் சேதியும் எழவுச் சேதியும் அனுப்புனவரு. எல்லாத்தையும் எட்டிப் பாப்பாருங்க. எட்டிப் பாத்துட்டுக் கேட்டாரு, "அண்ணாச்சி, பெட்டி புதுசு, சரி. அதுகூடப் பேசுததுக்கு வீட்டுல ஆளு இருக்கா?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. அன்னைக்கே சொல்லிப்போட்டேன் எங்கூட்டுல, அந்த ஊட்டோட யாரும் பேச்சுவார்த்தை வெச்சுக்கப்படாதுன்னு. ஆனா கேள்வி உள்ள போயி உக்காந்துருச்சுங்களே! அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டும், பச்சை, சிவப்புன்னு ரெண்டு ஸ்டிக்கர் அட்டையும் எடுத்துட்டு இன்ஸ்பெக்சனுக்கு எறங்கிட்டேன்.

வைஃபைக்கும் நம்பருதானுங்க தம்பி, நூலு மாதிரியே. நாலு, அஞ்சு, ஆறு, இப்ப ஏழு. ஒவ்வொரு பண்டத்தோட புக்குலயும் சின்ன எழுத்துல போட்டிருப்பான். பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன். டிவி, அஞ்சாம் நம்பரு. சிவப்பு. என்ற பையன் தரணி போனு, அஞ்சு. சிவப்பு. மருமக மைதிலி போனு, லேப்டாப்பு, ரெண்டும் சிவப்பு. ஏசி ரெண்டு, பிரிண்டரு, கேட்டுல இருக்கற கேமரா, எல்லாம் நாலாம் நம்பரு. வசந்தாமணி டேப்பு? கேக்கவே வேண்டாம். ஏழுமில்ல ஆறுமில்ல, ஊடு பூரா நாலும் அஞ்சும். மொத்தம் பதினாலு பண்டம், பதினாலு சிவப்பு. வசந்தாமணி மிக்சிமேல கையை வெச்சுட்டு நின்னா. "ஏனுங்க, இதுக்கும் ஒட்டுவீங்களா?"ன்னா. மிக்சிக்கு வைஃபை கெடையாதுன்னு எனக்குத் தெரியாதா? ஒட்டலீங்க.

அடுத்த நாளு போயி எனக்கு ஒரு போனு வாங்கிட்டு வந்தேன், ஏழாம் நம்பரு. அதுக்கு ஒட்டினேன் பாருங்க, ஒரு பச்சை! வயிறு குளுந்துருச்சு.

இப்பச் சொல்லுங்க. ஒரே பெட்டியில நாலும் அஞ்சும் ஏழும் கலந்து ஓடலாமுங்களா? அது மில்லுல சொல்ற கவுண்ட் மிக்ஸிங், நம்பரு கலப்படம் இல்லீங்களா? புக்கைப் படிச்சேன். பழைய நம்பரை உள்ள உடு, உடாதேன்னு ஒரு செட்டிங்கு இருக்குதுங்க. உடாதேன்னு அமுக்கிட்டேன்.

ஊடே எழவு ஊடாட்டம் ஆயிப்போச்சு. டிவி சுத்துது, கேமரா கண்ணை மூடிருச்சு, டேப்பு திருதிருன்னு முழிக்குது. தரணி வந்தான். "அப்பா, எல்லாத்தையும் உள்ள உடுங்கப்பா, வேகம் கொறஞ்சாலும் பரவால்லீங்க"ன்னான். நாஞ்சொன்னேன், "மாசம் ஒரு பண்டம் மாத்தலாம்டா. ஒண்ணேகால் வருசத்துல ஊடே ஏழாம் நம்பராயிரும். அது முட்டும் என்ற போனு இருக்குது, ஆறு மணிக்கு எல்லாரும் ஹாலுக்கு வந்துருங்க"ன்னு. வசந்தாமணி கேட்டா, "அதுக்குள்ள மகிழினி பள்ளிக்கூடமே போயிருமுங்களே?"

சிம்முல பேசலாமேன்னு நீங்க நெனைக்கறீங்க. எங்க லேஅவுட்டு பள்ளத்துல இருக்குதுங்க. ஊட்டுக்குள்ள டவரு எடுக்காது. பேச்சுக்கே மாடிக்கு ஓடோணும், இதுல வீடியோ எங்க?

ரெண்டு நாளு நல்லாத்தானுங்க போச்சு. ஆறு மணிக்கு நான் போனைப் புடிச்சுக்குவேன், சுத்தியும் எல்லாரும் நிப்பாங்க. படம் கண்ணாடி மாதிரி. "பாத்தியா வசந்தா, நிக்குதா? எங்கயாவது நிக்குதா? அபி, அங்க ஸ்பீடு எத்தனை காட்டுது, சித்தெ பாத்துச் சொல்லு. கொழந்தையை அப்பறம் காட்டலாம், மொதல்ல ஸ்பீடைப் பாரு"ன்னு ஒவ்வொண்ணா வெளக்குவேன். அம்மாளும் மகளும் என்னமோ பேச வாயைத் தொறப்பாங்க, என்ற மூஞ்சியைப் பாப்பாங்க, மூடிக்குவாங்க. நல்ல நெட்டுல ஜாஸ்தி பேசவேண்டியதில்லைபோலன்னு நான் நெனைச்சுக்கிட்டேன். மூணாம் நாளு வசந்தாமணி சொன்னா, "அபிக்கு வேலை எச்சாயிருச்சாமுங்க, இனி நெதமும் கூப்புட முடியாதாம்"னு. பாவம், கனடாவுல புழிஞ்சு எடுக்கறாங்க.

ஆனா ஒண்ணுங்க தம்பி, அதுக்கப்பறம் மூணு மாசம், எங்கூட்டுல ஒரு கம்ப்ளெய்ன்ட் கெடையாது. ஒண்ணு! நெட்டு வரலைன்னு ஒருத்தரு வாயைத் தொறக்கலையே. போன்ல ஆப்பைத் தொறந்து பாப்பேன், கனெக்ட் ஆயிருக்கறது எத்தனைன்னு. ஒண்ணு. ஒரே ஒண்ணு. கூட்டமே இல்லை. ஸ்பீடு பாக்கோணுமே, அப்படியே பறக்கும்! காலையில ஒருக்கா பாப்பேன், மத்தியானம் ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. அந்த ஸ்பீடை வெச்சுட்டு என்ன பண்ணுவீங்கன்னு தரணி கேட்டான். ஸ்பீடைத்தாண்டா பாக்கறேன், வேறென்ன பண்ணுவாங்கன்னேன்.

ஒருநாளு மத்தியானம் சித்தெ கண்ணசந்துட்டு எந்திரிச்சு மூஞ்சி கழுவப்போறேன், கண்ணாடியில பாத்தா நெத்தியில ஒரு சிவப்பு ஸ்டிக்கரு. ஃபேன் காத்துக்குப் பறந்து வந்து ஒட்டியிருக்கும். அட்டையை எண்ணிப் பாத்தேன், பதினாலுக்குப் பதிலா பதினஞ்சு போயிருந்துச்சு. மைதிலி மட்டும் ரெண்டு நாளைக்கு என்னையப் பாக்கறப்பவெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டா. அந்தப் புள்ளைக்குப் பல்லுவலி.

இன்னொரு நல்லதும் நடந்துச்சுங்க. ஊடே மண்ணு பக்கம் திரும்பிருச்சு. போனைக் கட்டிட்டு அழுதவங்க எல்லாம் தோட்டத்துப் பக்கம் போவ ஆரம்பிச்சாங்க. எங்கூட்டுப் பின்னால, தேவசகாயம் மதிலோரமா, ஒரு துவைக்கற கல்லு கெடக்குது. வாசிங் மெசினு வந்து ஏழெட்டு வருசமா அதுல ஒரு துணி துவைச்சதில்ல. இப்ப வசந்தாமணி ஆறு மணிக்கு அங்க போயி உக்காந்து கீரை ஆயறா. ஒரு கட்டுக் கீரையை ஒண்ணரை மணிநேரம். தரணி ஆபீசுலருந்து வந்ததும் கருவேப்பலை பறிக்கப் போறான். அந்த மரத்துல எலையே மிச்சமில்லீங்க, அப்பறமும் போறான். மைதிலி துணி காயப்போடறா, சாயங்காலம் ஆறரைக்கு. ஏம்மா, இருட்டற நேரத்துல எங்கம்மா காயும்னா, "காத்துல காஞ்சுருமுங்க மாமா"ங்குது. பத்தாததுக்கு மதிலுக்கு அக்கட்ட, அவிங்க பக்கமிருந்து, வெல்லக் கச்சாயம் சுட்ட வாசம் வருது. அது எங்கூட்டுக் கச்சாயங்க, வசந்தாமணி சுட்டது. அது எப்படி அக்கட்ட போச்சுன்னு ரோசிச்சேன். காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்னு உட்டுட்டேன்.

நானு? நான் ஹால்ல இருந்தேன். பெட்டிக்குக் கீழ, சோபாவுல. அபி எப்பக் கூப்புட்டாலும் கூப்புடலாம்ல? பச்சை ஒட்டுன போனு கையில, ஃபுல் சார்ஜோட.

போன மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமைங்க. ஆறேகால் இருக்கும். பின்னாலருந்து ஒரே சத்தம். "நட! நட! வா சாமி, வா!"ன்னு வசந்தாமணி கொரலு. எஸ்தரம்மா என்னமோ ஸ்தோத்திரம் சொல்லுது. கை தட்டறாங்க. பாம்பு கீம்பு வந்துருச்சோன்னு தடியை எடுத்துட்டு ஓடறேன். போயிப் பாத்தா, மதில்மேல டேப்பு சாஞ்சு நிக்குது. இக்கட்ட கல்லுமேல வசந்தாமணி, தோள்ல ஈரத்துணியோட மைதிலி, கையில நாலே நாலு கருவேப்பலையோட தரணி. அக்கட்ட பிளாஸ்டிக் சேர்ல தேவசகாயமும் எஸ்தரம்மாளும். டேப்புல மகிழினி. நடந்து முடிச்சு, பொத்துன்னு உக்காந்து, அது கையை அதே தட்டிக்குது.

ஏழு அடி எடுத்து வெச்சுதாமுங்க. சோபாக்காலுலருந்து அவங்கம்மா மடி முட்டும். ஊடே பாத்துச்சு. பக்கத்து ஊடும் பாத்துச்சு. தந்தி ஆபீசுக்காரரு பாத்துட்டாரு என்ற பேத்தியோட மொத நடையை, நான் பாக்கல.

எல்லாரும் என்ற கையில இருக்கற தடியைப் பாக்கறாங்க. தரணிதான் மெதுவாச் சொன்னான். "அங்கிளு வைஃபைங்கப்பா. அவங்க ஜன்னல்லருந்து இந்தக் கல்லு முட்டும் எடுக்குது. மூணு மாசமாங்க." அந்தப் பெட்டிதானுங்க, ரெண்டு கொம்பு, ஒடஞ்சதுக்கு நூலு. அது யாரையும் என்ன நம்பருன்னு கேக்கறதில்லையாம். வந்தவங்களையெல்லாம் சேத்துக்குதாம்.

அழுகை வந்துருச்சுங்க தம்பி. பொய் எதுக்குச் சொல்லோணும். வெயிலு கண்ணைக் கூசுதுன்னு தொடைச்சுக்கிட்டேன். ஆறேகாலுக்கு ஏது வெயிலு? வசந்தாமணி எந்திரிச்சு வந்தா. திட்டுவான்னு பாத்தேன். "சொல்லலாம்னுதானுங்க இருந்தேன். நீங்க போனைப் புடிச்சுக்கிட்டா எங்களுக்குப் பேச்சே வர்றதில்லீங்க"ன்னா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னும் புரியல. சரி, பொம்பளைங்க மனசு.

அப்ப தேவசகாயம் ஒரு காரியம் பண்ணுனாரு. எந்திரிச்சு, அவரு உக்காந்திருந்த சேரை அப்படியே தூக்கி மதிலுக்கு இக்கட்ட எறக்கி வெச்சாரு. "உக்காருங்க அண்ணாச்சி. பிள்ள இன்னொரு மட்டம் நடக்கும். சின்னப்பிள்ளைல்லா, ஒரு தடவையோட நிறுத்துமா?"ன்னாரு. அவரு நின்னுக்கிட்டாரு. எழுவது வயசு அவருக்கு, முட்டிவலி வேற.

உக்காந்தேன். கொழந்தை நடக்கமாட்டேங்குது. அபி கொஞ்சறா, "அப்புச்சி பாக்கறாரு பாரு, அப்புச்சிக்கு நடந்து காட்டு"ங்கறா. அது பொம்மையைக் கடிச்சுக்கிட்டே இருக்குது. கால்மணிநேரம், இருவது நிமிசம். கச்சாயம் ஒருக்கா சுத்தி வருது. எஸ்தரம்மா டீ குடுக்குது மதில்மேல. அப்பத் திடீர்னு கொழந்தை எந்திரிச்சுது. ஒரு கையைச் சோபாவுல ஊணி, நின்னு, கையை உட்டு, காலைத் தூக்குது பாருங்க, வீடியோ நின்னு போச்சு! தூக்கின காலு தூக்கின மேனிக்கு. ஆறு தலை அந்தச் சின்ன சிலேட்டுக்குள்ள. மைதிலி என்ற தோளைப் புடிச்சிருக்குது, அதுக்கே தெரியாம. தேவசகாயம், "வெச்சிரு தாயி, வெச்சிரு தாயி"ங்கறாரு. வட்டம் சுத்துது, சுத்துது, சுத்துது. அப்பறம் வெச்சா பாருங்க காலைக் கீழ! நான் கத்துன கத்துல தெருநாயெல்லாம் கொலைச்சுதுங்க.

அன்னைக்கே போயி செட்டிங்கை மாத்திட்டேன். எல்லா நம்பரையும் உள்ள உட்டாச்சு. தோத்தாச்சு, அப்பறம் என்ன மானம். சிவப்பு ஸ்டிக்கரு பதினாலையும் உரிச்சேன். ஆப்புல பாத்தா, கனெக்ட் ஆயிருக்கறது பதினஞ்சு! பதினஞ்சும் பழுதில்லாம ஓடுது. மில்லுல ஷெட்டு பூரா ஓடறப்ப ஒரு சத்தம் வரும், அந்தச் சந்தோசம்.

ஆனா பாருங்க தம்பி, இப்ப என்னமோ ஒண்ணு செட்டிங்குல சரியில்லீங்க.

வசந்தாமணி இப்ப ரூமுக்குள்ள, கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, கதவை ஒருக்களிச்சுட்டு அபிகிட்டப் பேசறா. கொழந்தை ஓடுதாம் இப்ப. படம் எங்கயும் நிக்கறதில்ல. தரணி அவன் போனோட மாடிப்படியில. மைதிலி அது ரூமுல. நான் ஹால்ல. அபி எனக்குத் தனியா கூப்புடறா, அதையும் சொல்லீறோணும். நல்ல புள்ள. "நல்லா இருக்கீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா?" கொழந்தையைக் காட்டறா. கண்ணாடி மாதிரித் தெரியுது. வெச்சர்றா. மூணு நிமிசம். அப்பறம் ஊடு பூரா ஒரு சத்தமில்லீங்க. துவைக்கற கல்லுமேல எலை உழுந்து கெடக்குது. அந்தப் பிளாஸ்டிக் சேரு இன்னும் எங்க பக்கம்தான் கெடக்குது, நான் திருப்பிக் குடுக்கல. அவரும் கேக்கல. ரெசொல்யூசன் கம்மியா இருக்குமோன்னு எச்சாப் பண்ணிப் பாத்தேன். அதுவுமில்ல.

இதுக்கு நடுவுல போன வாரம் மழைக்கு இடி உழுந்து இந்தப் பெட்டி செத்துப்போச்சு. தேவசகாயம் மதிலோரம் வந்து நின்னாரு. வாழ்க்கையில மொத தடவையா தயங்கினாரு. "அண்ணாச்சி, நம்ம பெட்டி போயிட்டு. எஸ்தருக்கு அவ தங்கச்சிகூடப் பேசணுமாம். ஒங்க பாஸ்வேர்டு கெடச்சா..."ன்னாரு.

குடுக்கலீங்க.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. எங்கூட்டுலயும் இப்படித்தான் பாத்தாங்க. வசந்தாமணி ரெண்டு நாளு எங்கூடப் பேசல. "மூணு மாசம் அவிங்க குடுத்தாங்க. நம்மளுக்குக் குடுக்க மனசு வரலீங்களா? எட்டுக் கொம்பிருந்து என்னங்க பண்றது?"ன்னா. தரணி, "நானே சொல்லீறட்டுமா அங்கிளுகிட்ட?"ன்னான். சொன்னீன்னா பாஸ்வேர்டை மாத்திப்போடுவேன்னுட்டேன். கஞ்சப்பயன்னு ஊடே பேசுது. பேசட்டும். தேவசகாயம் மட்டும் "சரி அண்ணாச்சி"ன்னு திரும்பிப் போனாரு. அதுதானுங்க ஒருமாதிரி ஆயிருச்சு.

அடுத்த நாளு காலையில நானே அவரு ஊட்டுக்குப் போனேன், வாசல் வழியா. பன்னண்டு வருசத்துல மொத தடவை. "அந்தப் பெட்டியைக் குடுங்க, நான் ரிப்பேர் பண்ணிக் கொண்டாரேன்"னேன். அவரு புதுசே வாங்கிக்கறேன்னாரு. வேண்டாமுன்னேன். எஸ்தரம்மா என்னையே பாத்துச்சு. அப்பறம் கொண்டாந்து இந்த அட்டைப்பெட்டியில வெச்சு, ஒடஞ்ச கொம்புக்குப் புது நூலு சுத்திக் குடுத்துச்சு.

காரணம் டெக்னிக்கல் காரணமுங்க. மில்லுல கரண்டுக்கு எப்பவும் ரெண்டு ஃபீடரு லைன் இருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு. ஒரே பெட்டியை ரெண்டு ஊடும் நம்பி இருக்கப்படாது. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல. அப்பறம் எந்த மெசினையும் நிக்காம ஓட்டப்படாது. வாரத்துக்கு ஒருக்கா நிறுத்தி மெயின்டனன்ஸ் பாக்கோணும். என்ற எட்டுக்கொம்புக்கும் ஒரு நேரம் ஒதுக்கியிருக்கேன். ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஆறுலருந்து ஏழரை முட்டும் பவர் கட்டு. நோட்டுலயும் எழுதியாச்சு. அந்த நேரம் பாத்து எதுக்குன்னு தரணி கேப்பான். சூடு கொறைய அதுதான் நல்ல நேரம்னு சொல்லிக்கலாம்.

ஈச்சனாரி தாண்டிருச்சுங்களா? அப்ப உக்கடம் வந்துரும். சித்தெ வழி உடுங்க, எந்திரிச்சு நின்னுக்கறேன். இந்த அட்டையை ஒரு கை புடிங்க. கொம்பைத் தொடாதீங்க, நூலு அவுந்துரும்.

ரிப்பேர்க்காரர்கிட்ட நேத்து மத்தியானமே போன்ல பேசிட்டேனுங்க. நல்ல ஆளு. "சார், இதுக்குச் செலவு பண்றதுக்கு வேற ஒண்ணு தாரேன், சுத்துப்பட்டு பத்து ஊட்டுக்கு எடுக்கும்"னாரு. அதெல்லாம் ஆவாதுன்னுட்டேன். தெளிவாச் சொல்லியிருக்கேன், இன்னைக்கு நேர்லயும் சொல்லப்போறேன். நடுவுல நடுவுல நின்னு போனாலும் போவட்டும், அதை நீங்க சரி பண்ணவேண்டாம். ஆனா எங்கூட்டுத் துவைக்கற கல்லு முட்டும் எட்டோணும். அதுக்கு இக்கட்ட, என்ற ஊட்டுக்குள்ள, ஓரடிகூட வரப்படாது.